கொட்டகையை இருட்டாக்கினால் செம்மறி பருவத்துக்கு வருமா? (மூவர் விவாதம், புனைபெயர்களில்)

தார்ப்பாய்: பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டே பக்கம் பண்ணை வைத்திருக்கும் நண்பர் தினமும் மாலை 6 மணிக்கே கொட்டகையைத் தார்ப்பாய் போட்டு மூடுகிறார். ஆடுகள் சீக்கிரம் பருவத்துக்கு வருமாம். நான் அவர் கட்சி. இரவு நீண்டால் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனை அதிக நேரம் சுரக்கும். செம்மறி சேர்க்கைக்குத் தயாராகும். சினை 5 மாதம் என்பதால் குளிர்நாடுகளில் குட்டி சரியாகப் புல் முளைக்கும்போது பிறக்கிறது. வெளிச்சத்தை மாற்றியே பருவத்தை மாற்றலாம் என்று ஆய்வாளர் யேட்ஸ் 1949இலேயே எழுதிவிட்டார்.

ஆனேக்கல் கிடை: அது இங்கிலாந்துக் கதை சார். லண்டனில் டிசம்பர் பகல் 8 மணி நேரம்கூட இல்லை, ஜூனில் பதினாறரை. பெங்களூரில் வருடம் முழுக்கப் பார்த்தாலும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். ஜூனிலேயே இங்கே 6.50க்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. 6 மணிக்கு மூடி உங்கள் நண்பர் மிச்சம் பிடிப்பது முக்கால் மணி நேரம். நம் நாட்டு ஆட்டுக்கு மழையும் மேய்ச்சலும்தான் காலண்டர்.

தார்ப்பாய்: அப்படியானால் மே, ஜூனில் கிடா விட்டும் ஏன் சினை நிற்பதில்லை? அப்போது பகல் நீளம்தானே?

ஆனேக்கல் கிடை: பகல் நீளம், வெயிலும் கூடத்தான். கிடாவின் விரை சூடானால் விந்து கெடும். விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 7 வாரம். ஏப்ரல் வெயிலில் பட்ட அடி ஜூனில்தான் தெரியும். நீங்களோ பெட்டையைக் குறை சொல்கிறீர்கள். கிடாவை நிழலில் கட்டி, தண்ணீர் காட்டுங்கள் முதலில்.

கே.ஆர்.புரம்: குறுக்கே வருகிறேன். கிடாவைக் கண்ணிலும் வாடையிலும் படாமல் ஒரு மாதம் பிரித்து வைத்து, அப்புறம் திடீரென்று பட்டியில் விடுங்கள். பருவம் ஓய்ந்த பெட்டைகள் பலவும் 2, 3 நாளில் முட்டை விடும். முதல் முறை பெரும்பாலும் வெளியே தெரியாது. 17 நாளோ கொஞ்சம் கூடவோ கழித்துத்தான் கிடாவை நிற்கவிடும். அதற்குள் பலரும் பொறுமை இழந்துவிடுகிறார்கள். கூடவே 2, 3 வாரம் மக்காச்சோளம் சேர்த்துக் கொடுங்கள். மெலிந்த ஆடு எந்த வெளிச்சத்திலும் பருவத்துக்கு வராது.

தார்ப்பாய்: சஃபோக் மாதிரிச் சீமை ரத்தம் கலந்த மந்தையாக இருந்தால்?

ஆனேக்கல் கிடை: அதற்கு வெளிச்சம் உறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் நண்பரிடம் இருப்பது கர்நாடக நாட்டு இனமான பன்னூர் ஆடு என்றுதானே போன வாரம் சொன்னீர்கள்? மூடிய கொட்டகையில் மூத்திர வாடை ஏறி இருமல் வருவதற்குள் தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்லுங்கள்.