பர்மிங்காம் 2018: உலகப் பல்கலைக்கழக ஸ்குவாஷ் போட்டியைக் கதவோரம் இருந்து பார்த்த அனுபவம்

2018 செப்டம்பரில் உலகப் பல்கலைக்கழக ஸ்குவாஷ் போட்டி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றபோது, அங்கே ஆய்வு மாணவனாக இருந்த நான் தன்னார்வலராகப் பெயர் கொடுத்திருந்தேன். எனக்குக் கிடைத்த வேலை ஊருக்கு எழுதிப் பெருமைப்படத் தக்கதாக இல்லை. ஆட்டத்தின் நடுவே தரையில் வியர்வை சொட்டிய இடத்தை நடுவர் சுட்டிக்காட்டியதும், கதவைத் திறந்துகொண்டு ஓடித் துண்டால் துடைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஆனால் அந்த வேலையால், பின்புறக் கண்ணாடிச் சுவரை ஒட்டி, ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்குவது காதில் விழும் தொலைவில் அமர எனக்கு ஓர் இடம் வாய்த்தது.

இருவர் மாறி மாறி முன்சுவரில் பந்தை அடித்து ஆடும் ஸ்குவாஷில், நான்கு சுவர்களுக்குள் அமைந்த கோர்ட்டின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். அதற்குள் இரண்டு பேர் மட்டையை வீசிக்கொண்டு ஓடும்போது ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கிடுவது தவிர்க்க முடியாதது என்பதால், இந்த ஆட்டத்தின் விதிகளில் பெரும்பகுதி குறுக்கீட்டைப் பற்றியதாகவே இருக்கிறது. தடுக்கப்பட்டவர் பந்தை எட்டியிருப்பார் என்று நடுவர் கருதினால் ‘லெட்’ கொடுத்து அந்தப் புள்ளியை மீண்டும் ஆடச் சொல்வார். வெற்றி அடியே தடுக்கப்பட்டிருந்தால் ‘ஸ்ட்ரோக்’ என்று புள்ளியையே கொடுத்துவிடுவார். எட்டியிருக்கவே மாட்டார் என்றால் ‘நோ லெட்’. இந்த மூன்று சொற்களுக்காக அங்கே நடந்த வாதங்களைக் கேட்டபோது, வந்திருந்தவர்களில் பாதிப் பேர் சட்டக் கல்லூரி மாணவர்களோ என்று எனக்குத் தோன்றியது.

அவ்வளவு வாதாடியவர்களில் ஒருவர்தான் அணிப் போட்டியில், ஓர் ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும் ஐந்தாவது கேமில், எதிராளி மெல்லத் தட்டிவிட்ட பந்தை முன்சுவருக்கருகே பாய்ந்து எடுத்தார். நடுவருக்கு அது சரியான எடுப்பாகவே தெரிந்தது. எதிராளியும் முறையிடாமல் அடுத்த அடிக்குத் தயாராகிவிட்டார். ஆனால் பாய்ந்தவரோ மட்டையைத் தாழ்த்தி, தமது மட்டைக்கு வருமுன் பந்து தரையில் இரண்டு முறை பட்டுவிட்டதென்று கையை உயர்த்திச் சொன்னார். புள்ளி எதிராளிக்குப் போயிற்று. வெளியே இருந்த அவருடைய அணியினர் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் நான் பார்த்தேன். அடுத்த குறுக்கீட்டுக்கே அதே மனிதர் ‘ஸ்ட்ரோக்’ வேண்டுமென்று முன்போலவே நெடுநேரம் வாதாடியதையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுமையாகாது.

இப்போட்டியை நடத்தும் பன்னாட்டுப் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி, படித்துக்கொண்டிருப்பவர்களும் முந்தைய ஆண்டில் பட்டம் பெற்றவர்களும் பங்கேற்கலாம். எனவே தொழில்முறை ஆட்டத்துக்குப் போகலாமா, வேலை தேடலாமா என்ற குழப்பத்தில் இருக்கும் பலரை அங்கே சந்திக்க முடிந்தது. அந்த வளாகத்திலேயே 2022 காமன்வெல்த் ஸ்குவாஷ் போட்டிகளும் நடந்தன. சௌரவ் கோஷல் அங்கே வென்ற வெண்கலம்தான் காமன்வெல்த் ஸ்குவாஷ் ஒற்றையர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம்.

* * *

மேலே எழுதியிருக்கும் நண்பர் கண்ட, தன் தவறைத் தானே சொல்லிவிடும் நேர்மைக்கு ஒரு காரணம் இருக்கலாம் என்பது, அமெரிக்கக் கல்லூரி ஸ்குவாஷை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் என் எண்ணம். அங்கே ஓர் அணிக்கு ஒன்பது பேர். ஐந்து ஆட்டங்களை வென்ற அணிக்கு வெற்றி. ஒன்பது ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் நடத்தாமல் சுற்றுச் சுற்றாக நடத்துவார்கள். ஆடாமல் இருப்பவர்களே பல இடங்களில் மற்றவர்களின் ஆட்டத்துக்கு நடுவர்களாக அமர்வார்கள். தன் அணித் தோழனுக்கு எதிராக ‘நோ லெட்’ சொல்ல வேண்டிய சங்கடத்தை அங்கே பெரும்பாலோர் அனுபவித்திருப்பார்கள். ஹார்ட்ஃபோர்டின் டிரினிட்டி கல்லூரி 1998 முதல் தொடர்ச்சியாக 252 அணிப் போட்டிகளை வென்று, 2012 ஜனவரியில் யேல் பல்கலைக்கழகத்திடம் 5-4 என்று தோற்றது. அப்படியொரு நாளில் கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே நடுவர் நாற்காலியில் உட்கார எனக்குத் துணிவு இருந்திருக்காது.

ஹார்வர்டில் இயந்திரப் பொறியியல் படித்த எகிப்தியர் அலி ஃபராக் 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் கல்லூரித் தனிநபர் பட்டத்தை வென்று, பிறகு நான்கு முறை உலகப் பட்டமும் பெற்றார். தமிழ்நாட்டின் வேலவன் செந்தில்குமாரும் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காக ஆடிவிட்டே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். பெரிய தொழில்முறைப் போட்டிகளில் ஐயம் எழுந்தால் காணொளியைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். நான் பார்த்த கல்லூரி ஆட்டங்களில் அந்த வசதி இல்லை. இரண்டு முறை பட்ட பந்தை இன்று மறைப்பவன், அடுத்த சுற்றில் அதே எதிராளியின் தோழனுக்கு நடுவராக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது அவன் சொல்லை யாரும் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை.