பாப்பாவுக்கு கிளெஸ்மர் கதை, யாராச்சும் கேட்டிருக்கீங்களா?

அரசரடிக்காரன்: பாப்பாவுக்கு ஆறு வயசு, ராத்திரி போனை புடுங்குனா ஒரே அழுகை, அதனால ஆடியோ கதை போட்டு விடுறேன். நேத்து ஒண்ணு மாட்டுச்சு, ஒருத்தர் இங்கிலீஷ்ல கதை சொல்றாரு, நடுநடுவுல கிளாரினெட்டு சிரிக்குது, தேம்பித் தேம்பி அழுவுது, கிளெஸ்மராம். என்னண்ணே அது?

தவில்பிரியன்: கிழக்கு ஐரோப்பா யூதர்களோட கல்யாண மேளம்ப்பா, நம்ம நையாண்டி மேளம் மாதிரி ஆட வைக்கிற சரக்கு. ஹீப்ருல ‘கிளி’ன்னா கருவி, ‘ஸெமர்’னா பாட்டு. மொதல்ல வயலின்தான் ராஜா, கிளாரினெட்டு பின்னாடி வந்து எடத்தைப் புடிச்சுது. அந்தத் தேம்பலுக்குன்னே தனிப் பேரு இருக்கு, ‘கிரெக்ட்ஸ்’.

வைகைக்கரை: அவங்க ‘ஃப்ரைகிஷ்’னு சொல்ற ஸ்கேல் (சுர வரிசை) நம்ம கர்நாடக சங்கீதத்து வகுளாபரண ராகத்தோட சுரம்தான், அதான் காதுக்கு அந்நியமா இல்ல.

செல்லூர் அக்கா: தம்பி, போலந்துல ஹெல்ம்னு ஒரு ஊரு, அந்த ஊர் மக்களை முட்டாளாக்கி யூதர்கள் சொல்ற கதை நெறைய இருக்கு, பீப்பாத் தண்ணில தெரிஞ்ச நிலாவை மூடி வச்சுட்டு அப்புறம் தொறந்து பாத்து களவு போச்சுன்னு பொலம்புவாங்கெ. எம்மவன் விழுந்து விழுந்து சிரிச்சான். இங்கிலீஷ் புரியலன்னா பாட்டை மட்டும் ஓட விட்டு கதையை நீங்களே சொல்லுங்க, வில்லுப்பாட்டு கணக்கா.

அரசரடிக்காரன்: சொன்னேங்க்கா, நிலாவை யாரு எடுத்தான்னு கேட்டு இன்னும் தூங்கல 😭