எட்டுக் கதவுக்கு மானிட்டர்டு பவர் சப்ளை: எதைப் பார்த்து வாங்குவது?

மாடிப்படி கேட்டது:

வணக்கம். ஆறு மாடி அலுவலகக் கட்டடம், பராமரிப்பு என் பொறுப்பு. எட்டுக் கதவுக்கு ஆக்சஸ் கன்ட்ரோல் (கார்டு காட்டினா கதவு திறக்கற அமைப்பு) புதுசா மாத்தறோம். எல்லாமே 600 பவுண்டு ஈஎம் லாக், அதாவது கரண்ட் இருக்கற வரைக்கும் பூட்டியிருக்கற மின்காந்தப் பூட்டு. இப்போ ஒவ்வொரு கதவு மேலயும் ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள ஒரு சின்ன எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசியாக்கற பவர் சப்ளை), பக்கத்துல ஒரு 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி. எந்த பேட்டரி உயிரோட இருக்கு, எது செத்துப்போச்சுங்கறது கரண்ட் போனாத்தான் தெரியுது.

ஒப்பந்தக்காரர் ரெண்டு கொட்டேஷன் கொடுத்திருக்கார். ஒண்ணு 12 வோல்ட் 10 ஆம்பியர். இன்னொண்ணு 24 வோல்ட் 5 ஆம்பியர், நெட்வொர்க் கார்டோட. ரெண்டுலயும் "மானிட்டர்டு"ன்னு, அதாவது பழுது வந்தா தானே சொல்லும்னு போட்டிருக்கு. நாலு மணி நேரம் பேக்கப் வேணும். எதை வச்சு முடிவு பண்றது?

---

கதவுக்காரன் பதில்:

சார், ஆம்பியரை அப்புறம் பாக்கலாம். முதல்ல அவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எதை மானிட்டர் பண்ணுது?"

மெயின்ஸ் இருக்கா இல்லையான்னு சொல்ற ஒரு ரிலேவை (கரண்ட்டால இயங்கற சின்ன ஸ்விட்சை) வச்சுட்டே மானிட்டர்டுன்னு விக்கறாங்க. மெயின்ஸ் போனது உங்களுக்கே தெரியும், விசிறி நின்னுடுமே. தெரியாதது பேட்டரி. அங்கதான் விஷயமே. சார்ஜர் 24 வோல்ட் சிஸ்டத்தை 27.6 வோல்ட்டுக்குப் பக்கத்துல பிடிச்சு வச்சிருக்கும். அந்த நேரத்துல வோல்டேஜை மட்டும் அளந்தா, உள்ள பிளேட் காஞ்சுபோன பேட்டரியும் 27.6தான் காட்டும். நல்ல யூனிட் என்ன பண்ணும்னா, அப்பப்போ சார்ஜைக் கொஞ்ச நேரம் இறக்கி, லோடை பேட்டரி மேல விட்டு, வோல்டேஜ் எவ்வளவு விழுதுன்னு பார்க்கும். "பேட்டரி டெஸ்ட் லோடோடவா, வெறும் வோல்டேஜா?"ன்னு எழுத்துல பதில் வாங்குங்க. இதுக்கு மழுப்பினா அந்த கொட்டேஷனை மடிச்சு வச்சிடலாம்.

அடுத்தது அவுட்புட். எட்டுக் கதவுக்கு எட்டுத் தனி அவுட்புட், ஒவ்வொண்ணுக்கும் தனி ஃப்யூஸ் இல்லேன்னா பிடிசி (தானே மீண்டுக்கற ஃப்யூஸ்). ஒரு கதவுல வயர் ஷார்ட் ஆனா மத்த ஏழும் திறந்துடக் கூடாது இல்லையா. எந்த அவுட்புட் போச்சுன்னு தனியா சொல்லுமா, மொத்தமா ஒரு "ஃபால்ட்" மட்டும் வருமான்னும் கேளுங்க.

இப்போ கணக்கு. 600 பவுண்டு லாக் 12 வோல்ட்ல ஏறக்குறைய 500 மில்லிஆம்பியர் இழுக்கும், 24ல அதுல பாதி. எட்டுக்கு 12ல 4 ஆம்பியர், 24ல 2 ஆம்பியர். கன்ட்ரோலர் (கதவைத் திறக்கலாமான்னு முடிவு பண்ற போர்டு), கார்டு ரீடருக்கு 24ல இன்னொரு ஆம்பியர் வச்சுக்கோங்க, மொத்தம் 3.

என் ஓட்டு 24க்குத்தான். காரணம் வயர். ஒரே இடத்துல பெட்டி வச்சா கடைசிக் கதவு 40 மீட்டர் தள்ளி இருக்கலாம். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், போக வர 80 மீட்டர், 2.8 ஓம். 12 வோல்ட்ல 1.4 வோல்ட் வழியிலயே போயிடும். கரண்ட் இல்லாம பேட்டரி 11க்கு இறங்கின நேரத்துல லாக்குக்குப் போய்ச் சேர்றது பத்துக்கும் கீழ. கதவு பூட்டின மாதிரிதான் இருக்கும், தோளால ஒரு இடி இடிச்சா திறந்துக்கும். 24ல அதே வயர்ல இழப்பு 0.7 வோல்ட்தான். ஆனா ரீடர்கள் 24 தாங்குமான்னு பார்த்துக்கோங்க, பலது 12 மட்டும்தான். அதுக்கு ஒரு கன்வெர்ட்டர் சேரும்.

பேட்டரி: 3 ஆம்பியர், 4 மணி நேரம், 12 ஏஹெச். வயசாகறதுக்கு 25 சதவீதம் சேர்த்தா 15. "அப்போ 18 போதும்"பாங்க. பேட்டரி மேல எழுதியிருக்கற 18, இருபது மணி நேரத்துல மெதுவா இழுத்தா வர்ற கணக்கு. 3 ஆம்பியர்ல இழுத்தா அவ்வளவு வராது. 26 ஏஹெச் 12 வோல்ட் பேட்டரி ரெண்டு, சீரீஸ்ல போடுங்க. சீரீஸ்ல வோல்டேஜ்தான் கூடும், ஏஹெச் கூடாது, இதை அழுத்திச் சொல்லுங்க.

கடைசியா, 5 ஆம்பியர்ங்கறது சார்ஜிங்கையும் சேர்த்தா, தனியா? சேர்த்துன்னா சார்ஜுக்கு மிச்சம் 2 ஆம்பியர்தான். அது போதும். ஆனா சார்ஜர் அந்த 2க்குள்ள தன்னைக் கட்டுப்படுத்திக்கணும். இல்லேன்னா கரண்ட் திரும்பி வந்த உடனே, பேட்டரி காலியா இருக்கறப்ப, யூனிட் ஓவர்லோடுல திணறும்.

---

நெட்வொர்க் தம்பி பதில்:

இவ்வளவு எதுக்கு? நல்ல ஆன்லைன் யூபிஎஸ் (எப்பவும் இன்வெர்ட்டர் வழியாவே கரண்ட் கொடுக்கற வகை) ஒண்ணு போட்டு, பழைய எஸ்எம்பிஎஸ் எல்லாத்தையும் அதுல சேர்த்துடலாமே. யூபிஎஸ்லயே எஸ்என்எம்பி கார்டு (நெட்வொர்க் வழியா நிலைமையைச் சொல்ற கார்டு) வருது, பேட்டரி டெஸ்ட்டும் பண்ணும்.

---

கதவுக்காரன் பதில்:

தம்பி, யூபிஎஸ் தன் பேட்டரியைப் பார்த்துக்கும், ஒத்துக்கறேன். அதுக்கு அப்பால சீலிங்குக்குள்ள இருக்கற எட்டு எஸ்எம்பிஎஸ்ல ஒண்ணு எரிஞ்சா அதுக்கு எப்படித் தெரியும்? டிசியை ஏசியாக்கி, திரும்ப டிசியாக்கறதுல வீணாப்போறது வேற. சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் யூபிஎஸ் கட்டாயம் வேணும், லாக்குக்கு இந்த மானிட்டர்டு பவர் சப்ளைதான்.

நீங்க கார்டு பத்திச் சொன்னதும் ஞாபகம் வருது. நெட்வொர்க் கார்டு அழகா மெயில் அனுப்பும், நடுவுல இருக்கற ஸ்விட்ச் உயிரோட இருந்தா. அந்த மாடி ஸ்விட்சுக்கு பேக்கப் இல்லேன்னா, கரண்ட் போன அந்த நிமிஷமே கார்டு வாயடைச்சுப் போயிடும். அதனால கார்டு இருந்தாலும் ரிலே கான்டாக்ட்டையும் ரெண்டு வயர் இழுத்து, ஆக்சஸ் பேனலோட காலி இன்புட்ல சேருங்க. எல்லாம் சரியா இருக்கும்போது ரிலே எனர்ஜைஸ் ஆகியிருக்கற (கரண்ட் வாங்கிப் பிடிச்சிருக்கற) வகையா இருக்கணும். அப்போ யூனிட்டே மொத்தமா செத்தாலும், எலி வயரைக் கடிச்சாலும் அலாரம் வரும்.

---

சைரன் பதில்:

ஃபயர் அலாரம் பத்தி யாரும் பேசலையே! ஈஎம் லாக்னா தீ அலாரம் அடிச்சதும் வெளியேறும் வழிக் கதவுகளுக்குக் கரண்ட் அறுந்தாகணும். அது ஃபயர் பேனல் ரிலேவுல இருந்து நேரா பவர் சப்ளையோட ஃபயர் இன்புட்டுக்கு வரணும், சாஃப்ட்வேர் வழியா சுத்திட்டு வரக் கூடாது. எந்தெந்த அவுட்புட் அறுபடணும்னு தனித்தனியா செட் பண்ற வசதி பாருங்க. லாக் அறுந்தா போதும், கன்ட்ரோலரும் கூடவே செத்தா யார் எப்போ வெளிய போனாங்கங்கற பதிவு கிடைக்காது.

இன்னொண்ணு, ஃபயர் பேனலோட பவர் சப்ளைல மிச்சம் இருக்குன்னு லாக்கை அதுல தொங்கவிடாதீங்க. அதுக்கு ஈஎன் 54-4 (ஃபயர் அலாரம் பவர் சப்ளைக்கான ஐரோப்பியத் தரம்) மாதிரி தனித் தரம் இருக்கு. அந்த பேட்டரி கணக்கு அந்தக் கருவிகளுக்காகப் போட்டது.

---

மாடிப்படி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒப்பந்தக்காரர்கிட்ட கேட்டேன். 12 வோல்ட் யூனிட்ல பேட்டரிக்கு வெறும் வோல்டேஜ் செக் மட்டும்தானாம். 24ல லோட் டெஸ்ட் இருக்கு, அவுட்புட் எட்டும் தனி. ஃபயர் இன்புட்டும் இருக்கு, ஆனா சார்ஜிங் சேர்த்துத்தான் 5 ஆம்பியர். எங்ககிட்ட ஜெனரேட்டர் இருக்கறதால ஒரு சந்தேகம்: கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கற ஒவ்வொரு தடவையும் அலாரம் வந்தா செக்யூரிட்டி ஆளுங்க ரெண்டே நாள்ல அதைக் கண்டுக்காம விட்டுடுவாங்களே?

---

கதவுக்காரன் பதில்:

சரியான சந்தேகம். ஏசி ஃபெயிலுக்கு டிலே வைக்கற வசதி இருக்கும், சில நிமிஷம் வச்சுக்கோங்க. ஜெனரேட்டர் எடுத்துட்டா சத்தமே வராது, எடுக்கலேன்னா வரும். லோ பேட்டரிக்கு மட்டும் டிலே வேணாம். அது வரும்போதே நேரம் கொஞ்சம்தான் மிச்சம்.

பெட்டியை ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள மட்டும் ஏத்திடாதீங்க. அங்க இருக்கற சூடு பேட்டரிக்கு ஆகாது. 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுசு ஏறக்குறைய பாதியாகும். கைக்கெட்டற உயரத்துல, காத்தோட்டமான எலக்ட்ரிகல் ரூம்ல வையுங்க. பெட்டிக் கதவுல, யாராவது திறந்தா சொல்ற டேம்பர் ஸ்விட்சும் இருக்கட்டும்.

பில்லுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அவரை நிக்க வச்சு மெயின்ஸைக் கழட்டுங்க. அதை மாட்டிட்டு பேட்டரி வயரைக் கழட்டுங்க. அப்புறம் ஒரு அவுட்புட் ஃப்யூஸை உருவுங்க. மூணுக்கும் செக்யூரிட்டி டெஸ்க் திரையில தனித்தனி செய்தி வரணும். ஃபயர் ரிலேவையும் ஒரு தடவை தட்டிப் பார்த்து, எட்டுக் கதவையும் நடந்து போய்த் தள்ளிப் பாருங்க.