பொம்பெயி புதைந்தது ஆகஸ்டிலா, அக்டோபரிலா?

கரிக்கட்டை:
கி.பி. 79 ஆகஸ்ட் 24 அன்று இத்தாலியில் வெசுவியஸ் எரிமலை வெடித்து ரோமானிய நகரமான பொம்பெயி புதைந்தது என்று ஒருவர் நேற்று இங்கே பாடப்புத்தகத்தை அப்படியே ஒப்பித்திருக்கிறார். 2018இல் அங்கே ஒரு வீட்டுச் சுவரில் அக்டோபர் 17 என்று கரியால் எழுதியிருந்தது கிடைத்ததே! ஆகஸ்டில் செத்தவன் அக்டோபரில் எழுந்து வந்து எழுதினானா?

பழஞ்சுவடி:
அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லித் திட்டவும் துணிச்சல் இல்லை. கரியெழுத்தில் நாளும் மாதமும் இருக்கின்றன. ஆண்டு எங்கே? முந்தைய ஆண்டு எழுதியதாக இருக்கக் கூடாதா? வெடிப்பை விரிகுடாவின் மறுகரையிலிருந்த மிசேனத்திலிருந்து கண்ணால் பார்த்த ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி, வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய கடிதத்தில் ஆகஸ்ட் 24 என்கிறார்.

கரிக்கட்டை:
கால் நூற்றாண்டு கழித்து எழுதிய கடிதம். பிளினியின் கையெழுத்தா நம்மிடம் இருக்கிறது? படியெடுத்தவர்களின் பிரதிகள்தான், அவற்றிலும் தேதி ஒன்றுபோல் இல்லை. அந்த வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது ஐயா. பூசப்போகிற சுவரில் கிறுக்கிய கரி ஓராண்டு அழியாமல் இருக்குமா?

பழஞ்சுவடி:
ஏன் இருக்காது? ஆண்டு எங்கே என்றுதான் கேட்டேன்.

தோட்டக்காரன்:
பக்கத்து ஒப்லான்டிஸில் பாய்விரித்து அடுக்கிய மாதுளைகள் கருகிய நிலையில் குவியலாகக் கிடைத்தன. மாதுளை ஆகஸ்டில் பழுக்குமா?

பழஞ்சுவடி:
பழுக்குமுன்பே பறித்து உலர்த்தியிருக்கலாமே. இப்படித்தான் பொம்பெயியில் கிடைத்த பேரரசர் டைட்டஸின் வெள்ளி நாணயத்தையும் தூக்கிக்கொண்டு ஆடினீர்கள். அதில் பொறித்த 15ஆம் வெற்றிப் பட்டத்தைப் பேரரசர் பெற்றது செப்டம்பரில், ஆகவே ஆகஸ்ட் பொய் என்றீர்கள். 2013இல் தேய்ந்த எழுத்தை மறுபடி படித்தபோது அது 15 அல்ல, 14 என்று ஆனது. அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. கரிக்கும் அதே கதிதான். ஆண்டு எங்கே?

தென்னவன்:
தேதிக்காக ஏன் இத்தனை சண்டை? 1938இல் அதே பொம்பெயியில் தந்தத்தில் செதுக்கிய இந்தியப் பெண் சிலை கிடைத்தது. இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முசிறியில் கப்பலேறிய நம் சரக்கு அது. அதைப் பற்றிப் பேச மட்டும் உங்களுக்கு வாய் வராது.

பழஞ்சுவடி:
தம்பி, அந்தச் சிலையில் கரோஷ்டி எழுத்து இருக்கிறது. அது வடமேற்கில் வழங்கிய எழுத்து. முசிறிக்கும் அதற்கும் என்ன உறவு?

தென்னவன்:
நம் பெருமை என்றாலே உங்களுக்குக் கசக்கிறது. சரக்கு நான்கு கை மாறியிருக்காதா? வழியில் எவனோ பொறித்திருப்பான்.

கரிக்கட்டை:
பழஞ்சுவடியிடம் கேட்டுப் பயனில்லை. அதே வெடிப்பில் புதைந்த பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தில் எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்று போன மாதம் அடித்துப் பேசியவர்தானே! கடற்கரைப் படகுக் கொட்டகைகளில் சுமார் 300 எலும்புக்கூடுகள் கிடைத்ததை எடுத்துக் காட்டியதும் அந்த இழையையே பூட்டவைத்தார்.

பழஞ்சுவடி:
நான் சொன்னது பெரும்பாலோர் என்று. இழையைப் பூட்டியது மட்டுறுத்துநர், காரணம் உங்கள் வசவு. நல்லது, சுவருக்கே வருவோம். ஆண்டு எங்கே?

தோட்டக்காரன்:
மாதுளைக்குப் பதில் வரவில்லை.