பாட்டி வீட்டு மழைத் திரை

குழு: தெம்பனிஸ் குடும்பம் (சிங்கப்பூர்)

சனிக்கிழமை

இரவு 8:41
மாமா: மழை வருதான்னு பாட்டிக்குச் சொல்ல, அவங்க வீட்டு அடுப்படி சன்னல்ல வச்ச கேமரா ஓட ஆரம்பிச்சுடுச்சு. கூடத்துல பழைய மானிட்டர்ல தெரியுது. (படம்)

நான்: மாமா, சூப்பர்! வானம், 28.4 டிகிரி, ஈரப்பதம் 81 எல்லாம் தெரியுது. ஆனா "மேற்கே"ல கொம்பு ரெண்டும் எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்குதே?

மாமா: அதாம்மா ரெண்டு நாளா மண்டையை உடைக்குது.

அண்ணன்: பைத்தான்ல படத்து மேல எழுத்து போடற பில்லோ நூலகம், தானா தமிழைக் கோத்து எழுதாது மாமா. யூனிகோடுல கொம்பு மெய்க்கு அப்புறம்தான் இருக்கும், அதை முன்னால கொண்டு வந்து வைக்க ராக்ம் நூலகம் சேரணும். அது இல்லாட்டி இப்படித்தான் சிதறும். ராத்திரி நான் உள்ள புகுந்து போட்டுடறேன். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவும் சேர்த்து.

அம்மா: பேசாம இங்கிலீஷ்லயே போட்டுடேன் தம்பி. எதுக்கு இவ்வளவு கஷ்டம்?

மாமா: அக்கா, அம்மா எப்ப இங்கிலீஷ் படிச்சாங்க? போன்ல வானிலைச் செயலியில இந்த விவரம் எல்லாமே இருக்கு, ஒரு எழுத்து அவங்களுக்கு ஆகாது. இது அவங்களுக்குன்னே செஞ்சது. சோபாவுல உக்காந்தபடி கண்ணாடி போடாம படிக்கணும்.

இரவு 8:55
அம்மா: எதிர் புளோக் வீட்டு சன்னல் எல்லாம் விழுதா? அவங்க சங்கடப்படப் போறாங்க.

மாமா: இல்லக்கா, படத்துல கீழ்ப்பாதியை வெட்டிட்டேன். வானமும் மொட்டை மாடி விளிம்பும்தான். கேமரா கிரில்லுக்கு உள்ளதான் இருக்கு. 12வது மாடி, வெளிய ஒரு ஆணி கூட நான் மாட்ட மாட்டேன். ராத்திரியில அடுப்படி லைட் கண்ணாடியில விழுந்து படம் முழுக்க வெளுத்துச்சு, லென்ஸைச் சுத்திக் கறுப்பு அட்டை ஒட்டின பிறகுதான் மேகம் தெரிஞ்சது.

பெரியம்மா: நேத்து வந்தப்ப ராத்திரியில 33 டிகிரின்னு காட்டிச்சே?

மாமா: சென்சாரை, இதையெல்லாம் ஓட்டற ராஸ்பெர்ரி பைங்கற குட்டிக் கணினியோட பெட்டிக்குள்ளயே வச்சிருந்தேன் பெரியக்கா. அந்தப் பெட்டியோட சூட்டைத்தான் அளந்திருக்கு. இப்ப நீள வயர் இழுத்து, துணி துவைக்கிற இடத்துல நிழல்ல தொங்குது. வெள்ளை பிளாஸ்டிக் தட்டை ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து, நடுவுல காத்து போற மாதிரி இடைவெளி விட்டு, அதுக்குள்ள வச்சிருக்கேன்.

இரவு 9:10
நான்: மாமா, ஒரு புகார். மூணு நாளா சாயந்திரம் 4 மணி ஆனா "மழை வரலாம்"னு போடுது. பாட்டியும் துணியை உள்ள எடுத்துடறாங்க. வெளிய வெயில் கொளுத்துது!

மாமா: கேட்டது நல்லதும்மா, தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சுட்டேன். நான் போட்டது சாம்ப்ரெட்டி முறை, 1915ல லண்டன்ல வந்தது. காத்தழுத்தம் மூணு மணி நேரத்துல 1.6 ஹெக்டோபாஸ்கல் இறங்கினா மழைன்னு எடுத்துக்கும். அந்த ஊருக்கு அது சரி. நாம பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கோம். இங்க மழை இருந்தாலும் இல்லாட்டியும் அழுத்தம் தினம் ரெண்டு தடவை ஏறி இறங்கும். காலை 10, இரவு 10 வாக்குல உச்சம். விடிகாலை 4, சாயந்திரம் 4 வாக்குல அடி. கடல் அலை மாதிரி. அந்த 4 மணி இறக்கத்தைத்தான் இது மழைன்னு நினைச்சிருக்கு.

அண்ணன்: அப்ப அதே மணிக்குப் போன 14 நாள் சராசரி என்னவோ அதைக் கழிச்சுப் பாக்கலாமா?

மாமா: அதைத்தான் செய்யப் போறேன்டா. ஆனா முக்கியமா நம்பப் போறது மேற்கை. டேட்டா.கவ்.எஸ்ஜிங்கற அரசாங்கத் தரவுத் தளத்துல தீவு முழுக்க இருக்கற மழைமானிக் கணக்கு 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை வருது. இடி மழையோட வீசுற சுமத்ரா காத்து ஏப்ரல்லேருந்து நவம்பர் வரைக்கும் மேற்குலேருந்துதான் வரும், பெரும்பாலும் விடியறதுக்கு முன்னாடியோ காலையிலயோ. மேற்குல இருக்கற துவாஸ், பெரியக்கா இருக்கற ஜூரோங், அங்க மழைமானி நனைஞ்சா, கிழக்குல இருக்கற நமக்குத் துணி எடுக்க நேரம் இருக்குன்னு அர்த்தம்.

பெரியம்மா: மத்தியானம் திடீர்னு தலைக்கு மேலயே கொட்டுதே, அது?

மாமா: அது இங்கயே கிளம்புற மழை, மேற்கைப் பாத்துப் புரியாது. அதுக்கு வானிலை ஆய்வகத்தோட 2 மணி நேர முன்கணிப்பைக் கீழ ஒரு வரியா ஓட்டறேன். டிசம்பர்ல வடகிழக்குப் பருவமழை வந்ததும் இந்த விதியையே மாத்தணும்.

பாட்டி: (குரல் பதிவு) தட்டான் தாழப் பறந்தா மழைடா. அதையும் அதுல போடு. தீபாவளிக்கு எல்லாத் திரைச்சீலையும் துவைச்சு மூங்கில் கம்புல போட்டுட்டேன், ராத்திரி காயட்டும்.

ஞாயிற்றுக்கிழமை

காலை 6:18
பெரியம்மா: இங்க பயங்கரக் காத்து. இடி. சன்னல் எல்லாம் சாத்திட்டேன்.

காலை 6:26
அண்ணன்: மாமா, துவாஸ், ஜூரோங் ரெண்டும் நனைஞ்சாச்சு. திரை மாறிடுச்சு! எழுத்தும் சரியா இருக்கு பாருங்க. (படம்: மேற்கே மழை. துணியை எடுங்க.)

மாமா: அம்மா முழிச்சிருக்காங்களா?

பாட்டி: (குரல் பதிவு) பாத்துட்டேன்டா. கொட்டை எழுத்துல இருந்துச்சு. ஏழு திரைச்சீலையும் உள்ள வந்தாச்சு. வானம் இங்க இன்னும் வெளுப்பாத்தான் இருக்கு.

காலை 7:09
நான்: தெம்பனிஸ்ல கொட்டுது!! எதிர் புளோக்கே தெரியல.

மாமா: 43 நிமிஷம். சூடு 27.1 டிகிரிலேருந்து 23.8க்கு வந்துடுச்சு. அழுத்தம் இறங்கவே இல்ல பாத்தீங்களா, 2 ஹெக்டோபாஸ்கல் ஏறியிருக்கு. மழையோட இறங்குற குளிர்ந்த காத்து கனமானது, அதான். அழுத்தம் குறைஞ்சாத்தான் மழைங்கற கணக்கை மட்டும் வச்சிருந்தா இன்னிக்கு எல்லாம் நனைஞ்சிருக்கும்.

பாட்டி: (குரல் பதிவு) துவாஸ் கிவாஸ்னு பேர் போடாத. எனக்கு அந்த இடமெல்லாம் தெரியாது. பெரியவ வீட்டுப் பக்கம் மழைன்னு போடு.

மாமா: சரிம்மா, இன்னிக்கே மாத்திடறேன்.

காலை 8:02
பெரியம்மா: அம்மா, இங்க விட்டுடுச்சு. லேசா வெளிச்சம் வருது.

மாமா: அட, விட்டதையும் காட்டணுமே. டேய், ஜூரோங் மழைமானி அரை மணி நேரம் பூஜ்யமா இருந்தா "பெரியவ வீட்டுப் பக்கம் விட்டுடுச்சு"ன்னு ஒரு வரி சேரு.

அண்ணன்: எழுதிட்டு இருக்கேன் மாமா.