உழவர் சந்தையில் விற்பதெல்லாம் பக்கத்துத் தோட்டத்துக் காய்தானா?

காய்கறிக்கூடை (கோவை) கேட்டது:

வணக்கம். நகரத்து உழவர் சந்தைகளில் சில கடைகளில் கத்தரி, வெண்டை, தக்காளி, கேரட், உருளை, பல்லாரி (பெரிய வெங்காயம்) என்று ஏழெட்டு வகை ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. மார்கழியில்கூட முருங்கைக்காய் கட்டுக்கட்டாக இருக்கிறது. ஒரே விவசாயி இத்தனையும் விளைவிக்க முடியுமா? மொத்த மார்க்கெட்டில் வாங்கி வந்து விற்கும் வியாபாரிகளும் உள்ளே இருக்கிறார்களா? கடை முன்னால் நின்றே கண்டுபிடிக்க வழி உண்டா?

அடங்கல் எழுதியது:

வணக்கம். சந்தையை ஒட்டுமொத்தமாக "உண்மை", "போலி" என்று சொல்ல முடியாதுங்க. கடைக்குக் கடை, காய்க்குக் காய் பார்க்க வேண்டிய விஷயம் இது.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தபோதே விதி தெளிவாக இருந்தது: விளைவித்தவர்தான் விற்க வேண்டும். பஞ்சாபின் அப்னி மண்டி, ஆந்திராவின் ரைத்து பஜார் இரண்டுக்கும் இதே அடிப்படைதான். கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் சந்தையே கொடுக்கும். இவ்வளவு சலுகை இருக்கிற இடத்துக்குள் வியாபாரி வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் புகைப்படம் ஒட்டிய உழவர் அடையாள அட்டை.

அட்டை கொடுக்கும்போது சிட்டா, அடங்கல் என்ற இரண்டு நிலப் பதிவேட்டு ஆவணங்களையும் பார்ப்பார்கள். சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும்; அதில் இப்போது என்ன பயிர் நிற்கிறது என்பதை அடங்கல்தான் சொல்லும். தோட்டத்தை நேரில் பார்த்தும் உறுதி செய்ய வேண்டும். ஓட்டை விழுவது இதற்குப் பிறகுதான். தக்காளியோ வெண்டையோ மூன்று நாலு மாதத்தில் முடிந்துவிடும். அட்டை அதற்கப்புறமும் கையில் இருக்கும். பயிர் மாறும்போதெல்லாம் அலுவலர் மறுபடி தோட்டத்துக்குப் போய்ப் பார்க்காவிட்டால், காலி நிலத்துக்காரர் மொத்த மார்க்கெட் சரக்கோடு வந்து உட்கார்ந்தாலும் அட்டை செல்லும். அட்டைக்காரர் பெயரில் வேறொருவர் உட்கார்ந்து விற்பது இன்னொரு வகை. படத்தில் இருக்கிற முகமும் கடையில் இருக்கிற முகமும் ஒன்றா என்று பாருங்கள். மனைவியோ மகனோ இருந்தால் தவறில்லை. முற்றிலும் வேறு ஆள் என்றால் கேட்கலாம், வாங்குபவருக்கு அந்த உரிமை உண்டு.

சந்தையின் விலைப்பலகையில் எழுதியிருக்கும் விலையைத் தனி விவசாயி வைப்பதில்லை. அதிகாலையில் மொத்த விலையை விசாரித்து, அதைவிடச் சுமார் 20 சதவீதம் கூட்டி, வெளிச் சில்லறை விலையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவாக வருமாறு சந்தை அலுவலகம் நிர்ணயிக்கும். ஆகவே பலகை விலைக்கு விற்கிறார் என்பதை மட்டும் வைத்து அவர் விவசாயி என்று முடிவுகட்ட முடியாது. மொத்த விலைக்கு வாங்கி வந்தவருக்கும் அந்த 20 சதவீதம் லாபம்தான்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். சந்தை வாசலுக்கு வெளியே தள்ளுவண்டியிலும் தரையிலும் விற்பவர்களுக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது. அங்கே வாங்கிவிட்டு உழவர் சந்தைக் காய் என்று நினைப்பவர்கள் ஏராளம்.

தோட்டக்காரர் எழுதியது:

அட்டையைவிட எடையை நம்புங்கள் என்பேன். எவ்வளவு நிலத்தில் எவ்வளவு காய் வரும் என்ற கணக்கு தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

வெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். விதைத்து 45 நாளில் பறிப்பு தொடங்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும், விட்டால் முற்றிவிடும். சாதாரண ரகம் ஹெக்டேருக்கு 12 முதல் 15 டன். பத்து சென்ட் என்றால் பருவம் முழுக்க 500, 600 கிலோ. ஒரு பறிப்புக்கு 20, 25 கிலோ. பத்து சென்ட்தான் போட்டிருக்கிறேன் என்று சொல்பவர் கடையில் தினமும் 80 கிலோ வெண்டை இருந்தால் கணக்கு உதைக்கிறது. கத்தரியும் அப்படித்தான், நாலைந்து நாளுக்கு ஒரு பறிப்பு. விவசாயி கடையில் வரத்து ஏறி இறங்கும். ஒருநாள் நிறைய இருக்கும், மறுநாள் அந்தக் காயே இருக்காது. வருஷம் முழுக்க ஒரே காய் ஒரே அளவில் இருக்கிற கடையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

முருங்கைக்கு நம் பக்கம் பங்குனி, சித்திரையில் காய்ப்பு பலமாக இருக்கும். கார்த்திகை, மார்கழி மழைக்கும் பனிக்கும் பூ கொட்டிவிடும், காய் அருகிப்போகும். அந்த மாதங்களில் மொத்த மார்க்கெட்டுக்கு மகாராஷ்டிரம், குஜராத்திலிருந்து லாரியில் வருகிறது. மார்கழியில் பத்துக் காய் வைத்திருப்பவர் தோட்டத்து மரத்தில் பறித்திருக்கலாம். கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தால் அது லாரிக் காயாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

காயின் காம்பைப் பாருங்கள். நேற்று மாலையோ இன்று விடியற்காலையோ பறித்த கத்தரியின் காம்பு வெட்டுவாய் வெளிர் பச்சையாக ஈரமாக இருக்கும், புல்லிவட்டம் (காம்படியில் காயை மூடியிருக்கும் பச்சைப் பகுதி) காயோடு ஒட்டி விறைப்பாக நிற்கும். இரண்டு நாள் பயணம் செய்த காயில் வெட்டுவாய் பழுப்பேறிச் சுருங்கி, புல்லிவட்டத்தின் ஓரம் தூக்கிக்கொள்ளும். தோலின் மேல் தண்ணீர் மின்னுவதை நம்ப வேண்டாம், வாடிய காய்க்குத்தான் அதிகம் தெளிப்பார்கள். தக்காளியில் ஒரே அளவு, ஒரே நிறம், பிளாஸ்டிக் கிரேட்டோடு என்றால் மார்க்கெட் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நல்ல விவசாயியும் தரம் பிரித்துத்தான் கொண்டுவருவார், ஆகவே இதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்டாதீர்கள்.

கீரைக்கு மட்டும் இந்தக் கவலை குறைவு. சிறுகீரை, அரைக்கீரை பிடுங்கிச் சில மணி நேரத்திலேயே துவண்டுவிடும், தூரத்திலிருந்து கொண்டுவந்து கட்டுப்படியாகாது.

கீரைப்பாத்தி எழுதியது:

தோட்டக்காரர் ஐயா சொன்ன எடைக் கணக்கு சரி. ஆனால் அதில் சிக்கும் எல்லோரும் வியாபாரி இல்லை. 25 கிலோ வெண்டையை விற்க ஒரு ஆள் விடியற்காலை பஸ் பிடித்து வந்து பாதி நாள் உட்கார்ந்தால், பஸ் செலவும் கூலியும் போக ஒன்றும் நிற்காது. அதனால் பக்கத்துத் தோட்டத்துக் கத்தரி, மச்சான் தோட்டத்துப் புடலை எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றி ஒருவர் வருவார். விதிப்படி தவறு. ஆனால் உங்களுக்குக் கிடைப்பது அதே கிராமத்துக் காய், பணமும் அந்தக் கிராமத்துக்கே போகிறது. மொத்த மார்க்கெட் மூட்டையைப் பிரித்து வைப்பவரோடு இவரைச் சேர்த்துத் திட்டுவது நியாயமில்லை. சிறு விவசாயி நாலு பேர் முறை வைத்து விற்க முறைப்படியே வழி செய்துகொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

மலைக் காய் என்றாலே பொய் என்றும் நினைக்க வேண்டாம். பீட்ரூட் உடுமலைப் பக்கமும், காலிஃபிளவர் தொண்டாமுத்தூர்ப் பக்கமும் சமவெளியிலேயே விளைகிறது. கேரட் நீலகிரியிலிருந்து வந்தாலும் கோவைக்கு அது மேட்டுப்பாளையம் வழியாக இறங்குகிற பக்கத்து மலைச் சரக்குதான். விற்பவர் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று ஒளிக்காமல் சொல்கிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

பக்கத்தில் விளைந்தது என்பதால் மருந்தடிக்காதது என்று ஆகிவிடாது. தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்காகக் கத்தரியில் எத்தனை தடவை அடிக்கிறார்கள் என்பது அட்டையில் இருக்காது. கடைசியாக மருந்தடித்து எத்தனை நாள் கழித்துப் பறித்தார் என்று கேளுங்கள். தோட்டம் வைத்திருப்பவர் உடனே பதில் சொல்வார்.

காய்கறிக்கூடை எழுதியது:

மூவருக்கும் நன்றி. உருளை, பல்லாரி, பூண்டு பற்றி மட்டும் சொல்லுங்கள். புகார் சொல்ல வேண்டுமென்றால் எங்கே?

அடங்கல் எழுதியது:

பல்லாரி பெரும்பாலும் மகாராஷ்டிரம், கர்நாடகத்துச் சரக்கு. சின்ன வெங்காயம் நம்மூரில் விளைவது. அதையே உழவர் சந்தையில் வாங்குங்கள். கோவைச் சமவெளியில் பூண்டு விளைவதில்லை, நீலகிரி அல்லது கொடைக்கானல் மலைப்பூண்டு இல்லையென்றால் வடநாட்டுப் பூண்டு.

உருளையில் ஊட்டிக் கிழங்குக்குச் செம்மண் ஒட்டியிருக்கும். வடக்கே மாசி, பங்குனியில் தோண்டியதைக் குளிர்கிடங்கில் வைத்து ஐப்பசி வரை விற்கிறார்கள். குளிரில் இருந்த கிழங்கில் மாவுச்சத்து கொஞ்சம் சர்க்கரையாக மாறிவிடும். வறுத்தால் சீக்கிரம் கருகும், லேசாக இனிக்கும். வீட்டில் ஒருதரம் வறுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

புகாரைச் சந்தைக்குள்ளேயே இருக்கும் நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். கடை எண், தேதி, காய், தோராய எடை நாலும் இருக்கட்டும். வரத்துப் பதிவேட்டில் அந்தக் கடைக்கு அன்று எவ்வளவு எடை பதிவாகியிருக்கிறது, அட்டையில் எத்தனை சென்ட் என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி அதிலேயே கேளுங்கள். "வியாபாரி உட்கார்ந்திருக்கிறார்" என்று மொட்டையாக எழுதினால் ஒருமுறை எச்சரித்து விட்டுவிடுவார்கள். நிர்வாக அலுவலர் கவனிக்கவில்லை என்றால் மாவட்ட வேளாண்மை விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறைக்கு அதே மனுவின் நகலை அனுப்புங்கள்.