கருப்பை நீக்கமும் கரும்பு வெட்டும் கூலியும்

கேள்வி:
இனப்பெருக்க நீதி (குழந்தை பெறவும், பெறாமலிருக்கவும், பெற்ற குழந்தையைப் பாதுகாப்பாக வளர்க்கவும் உள்ள உரிமை) என்னும் கருத்தை 1994இல் சிகாகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் உருவாக்கினார்கள் என்று படித்தேன். கருக்கலைப்பு உரிமை என்ற சொல் ஏற்கெனவே இருக்கையில், கூலியையும் வறுமையையும் இதனுள் ஏன் கொண்டுவர வேண்டும்?

மறுமொழி 1:
மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தைப் பாருங்கள். அங்கிருந்து கரும்பு வெட்டப் புலம்பெயரும் கணவனும் மனைவியும் 'கொய்தா' என்று ஒரே ஆளாகக் கணக்கிடப்படுகிறார்கள் (அச்சொல்லுக்கு அரிவாள் என்று பொருள்). முன்பணம் வாங்கிய பின் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டாலும் அபராதம் என்பதால், கழிப்பறையும் போதிய தண்ணீரும் இல்லாத வயலோரக் கூடாரங்களில் தொற்றுக்கும் மாதவிடாய்த் துன்பத்துக்கும் ஆளாகும் பெண்கள் பலர், கடன் வாங்கியாவது தனியார் மருத்துவமனைகளில் கருப்பையை அகற்றிக்கொள்கிறார்கள். 2019இல் மாநில அரசுக் குழுவின் கணக்கெடுப்பில் வந்த 82,309 பெண்களில் 13,861 பேர் இவ்வறுவையைச் செய்துகொண்டவர்கள். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

மறுமொழி 2:
பெண்களுக்கான கருத்தடை அறுவையை அரசே முகாம் வைத்து நடத்தியதும் உண்டு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே, ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்த முகாமுக்குப் பின் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்துமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆண்களுக்கான அறுவை இதைவிட எளிது. ஆயினும் வரிசையில் நிற்பவர்கள் பெண்களே.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பீட் பெண்கள் தாங்களே கேட்டுச் செய்துகொண்டால், அதை விருப்பம் என்பதா?

மறுமொழி 1:
அபராதத்தை நீக்கிவிட்டு அவர்களிடமே கேட்டுப் பாருங்கள், ஐயா.